கூப்பன் அளவும் உண்பான் அளவும்

நீரிழிவின்பொருட்டுச் சோற்றைக் குறைக்குமாறு மருத்துவர் பணிக்க, பாமன்கடைவாழ் முதியோர் சிலர் “கூப்பன் காலம் மீண்டும் வந்தது” என மனங்கசந்துரைப்பதை யாம் கேட்டுள்ளோம். அக்கசப்பிற்கு வரலாறு உண்டு. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகி அரிசி வரவு குன்றியதால் இலங்கையிற் பங்கீடு வந்தது. 1953இல் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட, ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் மூண்டது.

எனினும் பிறர் விதித்த அவ்வளவு வேறு. வள்ளுவர் வேண்டும் அளவு வேறு. ‘மருந்து’ எனப் பெயர்பெற்ற அதிகாரத்தில் 942 முதல் 947 வரையுள்ள ஆறு குறள்களும் உண்ணும் முறையையே பேசுகின்றன. முன்னுண்டது செரித்தமையையும் பசியின் மெய்ம்மையையும் உண்பவனே கவனித்தறிதல் வேண்டும். 945ஆம் குறளுக்குப் பரிமேலழகர், உள்ளம் வேண்டும் அளவை விடுத்துப் பிணி வாரா அளவில் உண்ணுதல் எனப் பொருள் கண்டார்.