ஹங்கேரியக் கோழிக் குழம்பும் மிளகாயின் வரலாறும்



சமையற்குறிப்பு எழுதும் தகுதி எனக்கில்லை. எங்கள் வீட்டில் என் மாமியார்தாம் நன்றாகச் சமைப்பார். ஆயினும் இம்முறை ஒரு கோழிக் குழம்பைப் பற்றி எழுத வேண்டியுள்ளது. ஈராண்டுகளுக்கு முன் வகுப்பறையில் நான் செய்த ஒரு பிழையை அக்குழம்புதான் எனக்குக் காட்டிக் கொடுத்தது.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழர் உணவு முறை குறித்துப் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். அம்மிக்கல்லின் படத்தைக் காட்டி, "ஈராயிரம் ஆண்டுகளாக நம் முன்னோர் இதில்தான் மிளகாய் அரைத்தார்கள்" என்றேன். ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று ஒரு புத்தகத்தில் படித்தேன்" என்றாள். பாடவேளை முடியப் பத்து நிமிடமே இருந்தது. "அது வேறு மிளகாய், உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவளும் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆண்டு முடியும்வரை அவள் என் வகுப்பில் மீண்டும் கை உயர்த்தியதாக நினைவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவும் இல்லை என்பதே உண்மை.

கடந்த பள்ளி விடுமுறையில் புடாபெஸ்ட் சென்று திரும்பிய தோழி ஒருவர், பூவேலைப்பாடு அமைந்த சிறு துணிப்பையில் சிவப்புத் தூள் கொண்டுவந்து தந்தார். பாப்ரிகா. முகர்ந்து பார்த்தேன், நம் மிளகாய்த் தூளின் நெடி இல்லை. வெயிலில் காய்ந்த பழத்தின் இனிப்பு மணம் இருந்தது. இதைக் கொண்டு என்ன சமைப்பது என்று தேடியபோதுதான் 'பாப்ரிகாஷ் சிர்கே' எனும் கோழிக் குழம்பைப் பற்றி அறிந்தேன். 'சிர்கே' என்றால் கோழி. ஹங்கேரியர்கள் தங்கள் நாட்டின் அடையாளமாகக் கருதும் உணவுகளுள் இதுவும் ஒன்று. மாட்டிடையர் உணவாகத் தொடங்கிய 'குயாஷ்' உலகப் புகழ் பெற்றது. அது சாறு மிகுந்தது. 'பொர்கொல்ட்' கெட்டியானது. அந்தக் கெட்டிக் குழம்பில் புளிப்புக் கிரீம் சேர்ந்து வெளிர்சிவப்பாக மாறினால் அது பாப்ரிகாஷ்.

ஹங்கேரிக்கு இந்தப் பழம் எவ்வாறு வந்தது என்பதைப் படிக்கத் தொடங்கியவுடன் எனக்கு வேர்த்துவிட்டது.

மிளகாய்ச் செடிகளின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவிலும் தென்னமெரிக்காவிலும் ஆறாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் அவற்றை உண்டு வந்துள்ளனர். 1492-இல் கொலம்பஸ் மிளகைத் தேடித்தான் மேற்கே கப்பல் செலுத்தினார். இந்தியாவை அடைந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு, அத்தீவுகளில் கண்ட காரப் பழத்தை மிளகின் ஒரு வகையாகவே கருதினார். ஸ்பானிய மொழியில் மிளகு 'பிமியெந்தா'. புதிய பழம் 'பிமியெந்தோ' ஆயிற்று. ஒரெழுத்துதான் வேறுபாடு. பின்னர்ப் போர்த்துகீசியர் கப்பல்களில் அப்பழம் இந்தியக் கரைக்கு வந்து சேர்ந்தது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498-இல். போர்த்துகீசியர் கோவாவைக் கைப்பற்றியது 1510-இல். நம் மலாக்காவைக் கைப்பற்றியது 1511-இல். எனவே தமிழகத்து அம்மிக்கும் மலாக்காவின் உரலுக்கும் மிளகாய் வந்து ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளே ஆகின்றன. 'வேறு மிளகாய்' என்று ஒன்று இல்லை. அந்தச் சிறுமி சொன்னதே சரி.

எனக்குச் சிறு ஆறுதலாக அமைந்தது வேறொரு செய்தி. ஜெர்மானியத் தாவரவியலறிஞர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் 1542-இல் வெளியிட்ட மூலிகை நூலில் மிளகாய்ச் செடியின் அழகான படம் இடம்பெற்றுள்ளது. அவர் அதற்குத் தந்த பெயர்களுள் ஒன்று 'கோழிக்கோட்டு மிளகு'. கொலம்பஸ் திரும்பி வந்து ஐம்பது ஆண்டுகள்கூட நிறைவடையாத நிலையில், மாபெரும் அறிஞர் ஒருவரே அது இந்தியாவிலிருந்து வந்தது என்று நம்பிவிட்டார். அவர் எந்த மாணவியையும் உட்காரச் சொல்லவில்லை என்பதுதான் வேறுபாடு.

ஹங்கேரியின் கதைக்கு வருவோம். 1526-இல் மொஹாச் போர்க்களத்தில் ஹங்கேரியப் படை உதுமானியத் துருக்கியரிடம் தோற்றது, அரசரும் மாண்டார். 1541-இல் புடா நகரம் துருக்கியர் வசமாயிற்று. 145 ஆண்டுகள், அதாவது 1686 வரை, அந்நகரம் அவர்கள் ஆட்சியில் இருந்தது. சிவப்புப் பழம் ஹங்கேரியத் தோட்டங்களுக்குள் நுழைந்தது அந்தக் காலத்தில்தான். ஹங்கேரியர் அதை முதலில் 'துருக்கி மிளகு' என்று அழைத்தனர். யாரிடம் நாட்டை இழந்தார்களோ அவர்கள் பெயரால் வழங்கிய செடியே பிற்காலத்தில் நாட்டின் அடையாளம் ஆனது. வரலாற்றில் இப்படி நிகழ்வது புதிதன்று. ஆயினும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

செல்வர்கள் அதை நெடுங்காலம் தொடவில்லை. விலை மிகுந்த மிளகை வாங்க வசதியற்ற உழவர்களும் மாடு மேய்ப்பவர்களும் மீனவர்களுமே முதலில் உணவில் சேர்த்தனர். 1806-இல் நெப்போலியன் பிரிட்டிஷ் வணிகத்தைத் தடை செய்தபோது ஐரோப்பாவில் மிளகு கிடைப்பது அரிதாயிற்று. பாப்ரிகா மேல்தட்டு மக்களின் சமையலறைக்குள் நுழைய அது ஒரு வாய்ப்பானது என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சிட்ட சமையல் நூல்களில் இடம்பெற்றது. செகெட், கலோச்சா ஆகிய இரு வட்டாரங்களும் அதன் விளைநிலங்களாகப் பெயர் பெற்றன. காரமுள்ள நரம்புகளையும் விதைகளையும் நீக்கி அரைக்கக் கற்றதும், பின்னர்க் காரமற்ற வகைகளைப் பயிரிட்டதும் அத்தூளின் இயல்பையே மாற்றின. என் தோழி தந்த இனிப்புத் தூள் அந்த மாற்றத்தின் பயன்.

செகெட் என்றவுடன் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு பெயர் நினைவுக்கு வரலாம். ஆல்பர்ட் சென்ட்-கியோர்கி. வைட்டமின் சி-யை ஆய்வு செய்த இவருக்குப் போதிய அளவில் அப்பொருள் கிடைக்கவில்லை. ஓரிரவு மனைவி உணவோடு வைத்த பாப்ரிகாப் பழத்தை உண்ண மனமின்றி, ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றதாக அவரே பின்னர்க் கூறினார். அப்பழத்தில் வைட்டமின் சி நிறைந்திருந்தது. கிலோ கணக்கில் பிரித்தெடுக்க முடிந்தது. 1937-இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பிடிக்காத காய்கறியைத் தட்டில் ஒதுக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாமா என்று பெற்றோர்கள்தாம் முடிவு செய்ய வேண்டும்!

சரி, சமையல். என்னிடம் நேரமில்லை, பிரஷர் குக்கர் இருந்தது.

குக்கரின் வரலாறும் இதே காலத்தில் தொடங்குவதை அறிந்து வியந்தேன். டெனி பப்பான் என்ற பிரெஞ்சு அறிஞர் இலண்டனில் உருவாக்கிய 'எலும்பை மென்மையாக்கும் கலன்' பற்றிய நூல் 1681-இல் வெளிவந்தது. இறுக மூடிய பாத்திரத்தில் நீராவி அடைபட்டால் அழுத்தம் கூடும். நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் சூடேறும். இன்றைய வீட்டுக் குக்கரில் ஏறத்தாழ 120 பாகை செல்சியஸ். கலன் வெடிக்காதிருக்க அவரே ஒரு காப்பு வால்வையும் அமைத்தார். 1682 ஏப்ரலில் அறிவியல் கழக உறுப்பினர்களுக்கு அக்கலனில் சமைத்த விருந்தளித்ததை ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். நான்கே ஆண்டுகளில் புடா நகரம் மீட்கப்பட்டது. ஏழைகள் எலும்பிலிருந்தும் சத்துப் பெறவேண்டும் என விரும்பிய பப்பான், சீர்திருத்தக் கிறித்தவர் என்பதால் 1685-க்குப் பின் தாய்நாடு திரும்ப இயலாமல், இறுதியில் இலண்டனில் வறுமையில் மறைந்தார். ஹங்கேரிய மொழியில் குக்கரை 'குக்தா' என்கின்றனர். சமையற்காரருக்குக் கையாளாக நிற்கும் சிறுவனுக்கும் அதே பெயர்தான். எவ்வளவு பொருத்தம்!

முதல் முயற்சி தோல்வி. வெங்காயம் வதங்கிய எண்ணெயில் அடுப்பு எரியும்போதே பாப்ரிகாவைக் கொட்டினேன். அதில் சர்க்கரை மிகுதி. நொடியில் கருகிக் கசந்துவிட்டது. கிரீமையும் கோழியோடு சேர்த்து மூடினேன். திறந்தபோது திரிந்த பாலைப் போல மிதந்தது. என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ரசம் வைக்கப் போனார்.

இரண்டாம் முறை பொறுமையாகச் செய்தேன். பெரிய வெங்காயம் இரண்டைப் பொடியாக நறுக்கி, நிறம் மாறாமல் குழைய வதக்க வேண்டும். ஹங்கேரியர் பன்றிக் கொழுப்பைப் பயன்படுத்துவர். எங்கள் ஆசிரியர் அறைக்கும் கொண்டுசெல்ல எண்ணியதால் ஹலால் கோழியும் சமையல் எண்ணெயும் கொண்டு சமைத்தேன். குக்கரை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு இரண்டு மேசைக்கரண்டிப் பாப்ரிகாவைக் கலந்து, உடனே ஒரு தக்காளி, ஒரு குடைமிளகாய், உப்பு, ஒரு கிலோ கோழித் துண்டுகள், அரைக் கோப்பை நீர் சேர்த்தேன். மீண்டும் அடுப்பேற்றி, ஆவி நிலைத்தபின் சிறு தீயில் பத்து நிமிடம். அழுத்தம் முழுதும் அடங்கித் திறந்த பிறகே, ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவில் கரைத்த 200 மில்லி புளிப்புக் கிரீமைச் சூடான குழம்பு சிறிது விட்டு இளக்கி, ஊற்றிக் கிளறினேன். மாவு கிரீமைத் திரியாமல் காக்கிறது. ஹங்கேரியில் 'நொக்கெட்லி' என்னும் சிறு மாவுருண்டைகளோடு உண்பர். நாங்கள் சோற்றோடு உண்டோம். மாமியார் இரண்டாம் முறை போட்டுக்கொண்டார், அது போதும்.

மறுநாள் ஆசிரியர் அறையில் பாத்திரத்தைத் திறந்தேன். பாப்ரிகா என்ற சொல்லைப் பற்றிப் பேச்சு வந்தது. சேர்பிய மொழியில் மிளகுக்குப் 'பாப்பர்' என்று பெயர். அதிலிருந்து பிறந்ததே பாப்ரிகா. பாப்பர் இலத்தீனின் 'பிப்பெர்' வழி வந்தது. அது கிரேக்கம் வழியாக வடமொழிப் 'பிப்பலி'யில் சென்று முடியும். நம் திப்பிலியும் அதன் உறவே. தமிழிலோ மிளகும் காயும் சேர்ந்து மிளகாய். கிளந்தானைச் சேர்ந்த மலாய்மொழி ஆசிரியை சிரித்துக்கொண்டே, தம் ஊரில் மிளகாயை 'லாடா' என்பார்கள் என்றார். 'லாடா ஹீத்தாம்' என்பது கருமிளகு அல்லவா? 'சபாய்' என்ற சொல்லும் ஒரு காலத்தில் திப்பிலி வகையைக் குறித்ததே. சீனத்தில் 'லாஜியாவ்', அதன் இரண்டாம் பாதியும் மிளகுக்கு உரியது. எத்தனை மக்கள் அந்தப் புதுப் பழத்தைக் கண்டு ஒரே முடிவுக்கு வந்துள்ளனர்! நம் மொழியே, 'இது மிளகு அன்று, மிளகு போன்ற ஒன்று' என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறது. இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் நான் அதைப் படிக்கவில்லை.

அந்த மாணவி இப்போது படிவம் 1 பயில்கிறாள். அவள் தம்பி எங்கள் பள்ளியில்தான் இருக்கிறான். சென்ற வாரம் அவனை அழைத்துச் செல்லத் தாயாரோடு வந்திருந்தாள். பள்ளி வாயிலில் நிறுத்தி, "அன்று நீ சொன்னது சரி, நான் சொன்னதுதான் தவறு" என்றேன். எதைப் பற்றி என்று விளக்க வேண்டியிருக்கும் என எண்ணினேன். "மிளகாய்தானே டீச்சர்?" என்றாள் உடனே.

சிறிது நேரம் கழித்து, "அப்படியானால் அதற்கு முன்னால் குழம்பில் காரத்துக்கு என்ன போட்டார்கள்?" என்று கேட்டாள். மிளகு என்றேன். சங்க இலக்கியத்தில் அதற்குக் 'கறி' என்று பெயர் என்பதையும், யவனர் கப்பல்கள் முசிறித் துறைமுகத்துக்குப் பொன்னோடு வந்து அந்தக் கறியோடு திரும்பின என்பதையும் சொன்னேன். வெயில் சுட்டது, தாயார் குடை பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

திங்கட்கிழமை அவள் தம்பி ஒரு புத்தகத்தை என் மேசையில் வைத்தான். பொது நூலகத்தின் முத்திரை இருந்தது. நடுவில் ஒரு பக்கத்தில் காகிதத் துண்டு செருகப்பட்டிருந்தது. "அக்கா கொடுக்கச் சொன்னாங்க டீச்சர். ரெண்டு வாரத்துல திருப்பிக் கொடுக்கணுமாம்" என்றான்.