குகைக் கதவும் வெண்திரையும்

மூலநூலைக் காட்டிலும் திரைப்படமே சிறந்தது என்பாரைக் கற்றோர் நகைத்து ஒதுக்குதல் எளிது. அவ்விருப்பம் எவ்வாறு தோன்றிற்று என்பதை வரலாற்றின் துணைகொண்டு நோக்கினால் அந்நகைப்பு அடங்கிவிடும். ஈப்போவை ஒட்டிய சிலிபினும் அதனைச் சூழ்ந்த பேராக் மாநில ரப்பர்த் தோட்டங்களும் இதனை ஆராய்தற்கு ஏற்ற களங்களாகும். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்னும் மாயக்கதைப் படம் அதற்கு ஏற்ற சான்றாகும்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தார் 1956ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டி வெளியிட்ட அப்படமே தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். டி. ஆர். சுந்தரம் இயக்கினார், எம்.ஜி.ஆரும் பி. பானுமதியும் பி. எஸ். வீரப்பாவும் நடித்தனர். மலாயாவில் அப்பொழுது, 1948இல் சுங்கை சிப்புட் வட்டாரக் கொலைகளையடுத்துத் தொடங்கிய அவசரகாலம் முடிந்திருக்கவில்லை. அது 1960 வரை நீடித்தது.

தோட்டத்துத் தமிழர் நூலறிவு பெறுதற்கு வாய்ப்புக் குறைவு. கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுச் சிறுவர் பத்துப் பேர் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்க வழிவகுத்தது. ஆயினும் அப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. வைகறையில் பால்மரம் வெட்டச் சென்ற பெற்றோர் பலர் எழுத்தறியாதவர். அவர்கள் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களேயன்றிப் படித்து வளர்ந்தவர்கள் அல்லர். தோட்டத் திடலில் வெண்துணி கட்டிப் படம் காட்டப்பட்ட இரவுகளில், லயங்களில் வாழ்ந்தோர்க்குத் திரையே நூலாயிற்று. நூல் கையில் இருக்க அதனைப் புறக்கணித்தவர் அல்லர் அவர். நூல் எட்டாதிருந்தபோது தம்மைத் தேடிவந்த கலையை வரவேற்றவர்.

இனி, மூலநூல் என்பதுதான் யாது? அலிபாபா கதைக்குப் பழைய அரபு ஏடு எதுவும் கிடைத்திலது. அலெப்போ நகரத்து ஹன்னா தியாப் என்பவர் 1709இல் பாரிசில் இதனை வாய்மொழியாகக் கூற, அந்துவான் கலான் கேட்டுக் குறித்துக்கொண்டார். கலான் மறைந்தபின், 1717இல் இது பிரெஞ்சு மொழியில் அச்சேறிற்று. அஃதாவது, மூலம் எனப்படுவதும் செவிவழி வந்ததேயாகும். ஆகவே, கதையைக் கண்ணாலும் செவியாலும் துய்த்த தோட்டத்து மக்கள் அதன் தொன்மையான இயல்புக்கு அணித்தாகவே நின்றனர் எனலாம்.

எனினும், திரை தந்ததை மட்டும் எண்ணி, அது கைவிட்டதை மறத்தல் ஆகாது. பிரெஞ்சு நூலில் குகையைத் திறக்கும் சொல் எள்ளின் பெயர். காசிம் அதனை மறந்து பிற தானியங்களின் பெயர்களைக் கூறித் தவிக்கிறான். தமிழ்த்திரையில் அது பொருள் விளங்காத மந்திர ஒலியாகிவிட்டது.

இதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. நூலில் மார்ஜியானா ஓர் அடிமைப் பெண். தாழிகளில் ஒளிந்திருந்த 37 திருடர்களைக் கொதிக்கும் எண்ணெயால் அழிப்பவள் அவளே. பின்னர் ஆடற்கோலத்தில் குறுவாள் ஏந்தித் தலைவனை வீழ்த்துபவளும் அவளே. தன் மதியால் வீட்டைக் காத்து, அதன் பயனாகவே விடுதலை பெறுகிறாள். படத்திலோ அவள் நாயகனால் காக்கப்படும் நடனமாது. இறுதிப் போர் ஆடவர் இருவர்க்கும் உரியதாகிவிடுகிறது. பானுமதியின் நடிப்பு அப்பாத்திரத்துக்கு மிடுக்களித்தது உண்மையே. ஆயினும் வெற்றி இடம் மாறிவிட்டது.

விடியுமுன் எழுந்து ஆடவரோடு ஒப்ப உழைத்த பெண்களின் வழித்தோன்றல்கள் இன்று தமிழ்ப்பள்ளிகளில் பயில்கின்றனர். தன் அறிவால் தளையறுத்த ஒருத்தியின் கதை அவர்களுக்கு உரியதன்றோ? படத்தை விரும்பும் மாணவரை ஆசிரியர் கடிய வேண்டுவதில்லை. முன்னோரை மகிழ்வித்த அப்படத்தைக் காட்டிய பின், நூலையும் அவர்தம் கையில் கொடுத்தல் வேண்டும். முன்னோர்க்கு எட்டாதிருந்த நூல் இன்று எட்டும் தொலைவில் உள்ளது.