வாடைக்கு ஒதுங்கிய துறை

உட்துறைமுக வீதியில் நின்று பார்த்தால், திருகோணமலைக்கு ஏன் பயணிகள் கப்பல் அதிகம் வருவதில்லை என்று எவருக்கும் கேட்கத் தோன்றும். சுற்றிலும் மலை. உள்ளே தண்ணீர் குளம்போலக் கிடக்கிறது. கரைக்கு மிக அருகிலும் ஆழம். ஊரில் இதற்குச் சொல்லும் காரணம் யுத்தம். நான் அதை ஏற்பதில்லை. கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து, கோதுமையும் கிளிங்கரும் கொண்டுவந்த கப்பல்களின் காகிதங்களோடு என் வேலைக்காலம் போயிற்று. ஒரு கப்பல் ஓரிடத்தில் ஏன் நிற்கிறது என்பதற்கு அந்த இடத்தின் அழகும் ஆழமும் கடைசிக் காரணங்கள் என்பதை அங்குதான் படித்தேன். யுத்தம் தொடங்குவதற்கு நூறு வருடங்களுக்கு முன்பே கப்பல்கள் எங்களைக் கடந்து போகத் தொடங்கிவிட்டன.

பாய்க்கப்பல் காலத்தில் நிலைமை வேறு. நாகப்பட்டினத்திலிருந்து மசூலிப்பட்டினம் வரை சோழமண்டலக் கரை நெடுகப் பெரிய கப்பல் புயலுக்கு ஒதுங்க நல்ல துறை கிடையாது. சென்னையில் கப்பல் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். மசூலாப் படகுகள்தான் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரைசேர்க்கும். ஐப்பசியில் வாடை பிறந்துவிட்டால் அந்தக் கரையில் நிற்பது உயிருக்கே ஆபத்து. ஆங்கிலேயக் கப்பற்படை திருத்த வேலைக்காகத் தீவைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்கு ஓடும். எங்கள் குடாவுக்குள்ளேயோ எந்தக் காற்றிலும் பயமின்றி நிற்கலாம்.

ரொபர்ட் நொக்ஸ் இங்கே வந்ததும் அப்படித்தான். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் 'ஆன்' என்ற அவருடைய தந்தையின் கப்பல் பாய்மரத்தை இழந்தது. புது மரம் நாட்டவும், அந்த இடைவெளியில் வியாபாரம் பார்க்கவும் கொட்டியார்க்குடாவுக்கு வந்தார்கள். 1660இல் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் அவர்களைப் பிடித்தார்கள். நொக்ஸ் ஏறத்தாழ இருபது வருடம் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து, தப்பிப்போய், 1681இல் லண்டனில் புத்தகம் வெளியிட்டார். மூதூரில் அவர் பிடிபட்ட இடத்துக்கு நினைவுக்கல் இருக்கிறது. இந்தக் குடாவுக்கு விரும்பி வந்தவர்களைவிட வேறு வழியின்றி வந்தவர்களே அதிகம் என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி.

1782ஆம் வருடத்தைப் பாருங்கள். ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பிடித்தார்கள். ஓகஸ்ட் முடிவதற்குள் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரன் அதைப் பறித்தார். செப்டெம்பர் 2ஆம் திகதி ஆங்கில அட்மிரல் ஹியூஸ் வந்து பார்க்கும்போது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி. மறுநாள் குடாவுக்கு வெளியே பெரும் கடற்போர். இரண்டு வல்லரசுகள் ஒரே வருடத்தில் இப்படி மோதிக்கொண்டது வாடைக்கு முன்னால் ஒதுங்க ஓரிடம் வேண்டும் என்பதற்காக. ஆனால் எங்கள் ஊரில் யாரும் சொல்லாத ஒன்று உண்டு. இவ்வளவு இரத்தம் சிந்திப் பிடித்த துறைமுகத்தில் சுஃப்ரன் அந்த வாடைக்காலத்தைக் கழிக்கவில்லை. இருந்த சாமானைக் காவற்படைக்கு விட்டுவிட்டு, சுமாத்திராவின் அச்சே துறைக்குக் கப்பல்களைக் கொண்டுபோனார். பல கப்பல்களின் மாலுமிகளுக்குச் சோறு போடுமளவுக்கு இந்தத் துறைக்குப் பின்னால் நாடு இருக்கவில்லை. குளங்கள் உடைந்து, காடும் காய்ச்சலுமாகக் கிடந்தது. எங்கள் துறைமுகத்தின் முழுக் கதையும் இதற்குள் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

நீராவி வந்தபின் காற்றுக்குப் பயந்து ஒதுங்கவேண்டிய தேவை குறைந்தது. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது. அப்போது தபால் கப்பல்கள் நின்றது காலியில். அங்கே தண்ணீருக்குள் பாறைகள். தென்மேல் பருவக்காற்றுக்கும் முகம் திறந்த துறை. புதிய இடம் தேடிய அரசாங்கத்தின் கண் திருகோணமலைமீது விழவில்லை, கொழும்பின்மீது விழுந்தது. கொழும்போ துறைமுகமே இல்லாத திறந்த கடல். 1875 டிசம்பர் 8ஆம் திகதி வேல்ஸ் இளவரசர் அங்கே அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். 1882இல் தபால் கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு மாறின. 1885இல் சுவர் முடிந்தது. கடவுள் கொடுத்த துறைமுகத்தை வைத்துக்கொண்டு கடலுக்குள் கல்லைக் கொட்டினார்கள் என்று எங்கள் பெரியவர்கள் கோபப்படுவார்கள். கோபம் நியாயமானது, கணக்கு வேறு. கண்டிக்கும் கொழும்புக்கும் 1867இலேயே ரயில் ஓடியது. கோப்பியும் பிறகு தேயிலையும் அந்த வழியாகவே இறங்கின. திருகோணமலைக்கு ரயில் வந்தது 1927இல், அறுபது வருடம் பிந்தி.

கடற்பாதையும் எங்களுக்குச் சாதகமாக இல்லை. சுயஸிலிருந்து சிங்கப்பூர் போகும் கப்பல் தேவேந்திரமுனையைச் சுற்றி நேர்கிழக்கே போகும். அந்த முனையிலிருந்து எங்கள் குடாவுக்கு வடக்கே ஏறத்தாழ 200 கடல்மைல். இன்றைய கப்பலுக்கே அது அரை நாள் ஓட்டம். அன்றைய கப்பலுக்கு அதைவிடக் கூட. பிந்தினால் தண்டம் கட்டவேண்டிய தபால் கப்பல் அந்த நேரத்தை ஏன் செலவழிக்கும்?

ஒழுங்காக வந்த பயணிகள் கப்பல்கள் என்றால் தீவைச் சுற்றி ஓடிய சிறிய நீராவிக் கப்பல்கள்தான்: 'லேடி கோர்டன்', 'லேடி மக்கலம்' போன்றவை. ரயில் வந்ததும் அவற்றின் தேவை ஒழிந்தது.

மிச்சமிருந்தது கடற்படை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது துறைமுகத்தில் 'சகாயிங்' நின்றது. கிளாஸ்கோவுக்கும் ரங்கூனுக்கும் இடையில் ஆட்களை ஏற்றி ஓடிய ஹென்டர்சன் கம்பெனிக் கப்பல். குண்டுபட்டு எரிந்தது. 1943இல் அதையே இறங்குமேடையாகப் பயன்படுத்தத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார்கள். 2018 மார்ச்சில் எங்கள் கடற்படைச் சுழியோடிகள் அதை மிதக்கவைத்து வெளியே கொண்டுபோனார்கள். எழுபத்தைந்து வருடமாக எங்கள் துறைமுகத்தில் நிலையாக நின்ற ஒரே பயணிகள் கப்பல் அது. 1957 ஒக்டோபரில் ஆங்கிலேயர் தளத்தைக் கையளித்துப் போனதும் டொக்யாட் வேலை ஓய்ந்தது. அங்கே கொல்லராக இருந்த அம்மப்பா வேறு தொழில் தேடவேண்டி வந்தது. யுத்தம் வந்தது அதற்குப் பிறகு. அது வாசலைப் பூட்டியது உண்மை, ஆனால் வாசலில் அப்போதே யாரும் நிற்கவில்லை.

2023 ஜூன் 5ஆம் திகதி சென்னையிலிருந்து கோர்டீலியா கம்பெனியின் 'எம்பிரஸ்' புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைகள். இதைப் பலர் அரசியலாகப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்தது காற்று. சோழகம் அரபிக்கடலைக் குழப்பும் மாதங்களில் மும்பாய், கோவா ஓட்டத்தை விட்டு அந்தக் கப்பல் சென்னைக்கு வருகிறது. சென்னையிலிருந்து பார்த்தால் திருகோணமலை 300 கடல்மைலுக்குள் இருக்கிறது. அந்தப் பாதையில் நாங்கள் சுற்றுவழி அல்ல.

ஐரோப்பாவிலிருந்து வரும் உல்லாசக் கப்பல்கள் தங்கள் குளிர்காலத்தில் வருகின்றன. அப்போது கொழும்புக் கடல் அமைதி. எங்களுக்கோ வாடையும் மழையும். பாய்க்கப்பலை உள்ளே தள்ளிய அதே காற்று இந்தக் கப்பல்களை வெளியே நிறுத்துகிறது. சுற்றுலா அதிகாரிகள் ஐரோப்பியக் கண்காட்சிகளுக்குப் போய் எங்கள் துறைமுகத்தின் படத்தைக் காட்டுவதால் இது மாறாது. அந்தக் கப்பல்களின் மாதங்களும் எங்கள் மாதங்களும் சேரவே சேரா.

சேரும் மாதங்கள் மே முதல் செப்டெம்பர் வரை. நிலாவெளிக் கடல் தெளிந்திருக்கும், சுவாமி மலைக்கு வெளியே ஆழ்பள்ளத்தில் திமிங்கிலம் வரும். கோணேசரைச் சம்பந்தர் பாடினார் என்று தெரிந்த பயணிகள் சென்னையில்தான் ஏறுவார்கள். காலையில் வந்து மாலையில் புறப்படும் கப்பலுக்கு சிகிரியா கொழும்பிலிருந்து 170 கிலோமீற்றர், எங்களிடமிருந்து ஏறத்தாழ 100. பெரிய கப்பல் அணையும் மேடைகள் எல்லாம் சீனன்குடாப் பக்கம் சரக்குக்காகக் கட்டியவை. ஊரும் கோயிலும் சந்தையும் எதிர்க்கரையில். சீனன்குடாவில் இறங்கும் பயணியை பஸ் நேரே ஹபரணைக்குக் கொண்டுபோய்விடும், கடைத்தெருவுக்கு ஒரு சதமும் வராது. ஊர்க்கரையில் லோஞ்ச் அணைய ஒரு நல்ல ஜெற்றியும், சோழக மாதங்களுக்குச் சென்னையோடு நிலையான ஒப்பந்தமும் வேண்டும். அமைச்சர்கள் வந்தால் நான் கேட்பது இந்த இரண்டையும்தான்.