பெட்டி திறந்த பிறகு பேனாவுக்கு வேலை இல்லை



நம் பிள்ளைகள் பலர் இன்று சொந்தத் தொழில் செய்கிறார்கள். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்காரர்கள், நெய்வேலிக்குச் சாமான் அனுப்புகிறவர்கள், சின்னச் சின்ன கட்டட கான்ட்ராக்ட் எடுப்பவர்கள் என்று எல்லோரும் ஏதாவது ஒரு டெண்டர் போட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். உங்களுக்காக இன்று ஒரு வரலாற்றுப் பாடம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டை வகுப்பில் படித்தது நினைவிருக்கும். முதலாம் பராந்தக சோழன் காலம். ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளை 919-இல் கல்லில் வெட்டினார்கள். இரண்டே ஆண்டில், 921-இல், விதிகளைத் திருத்தி மறுபடியும் வெட்டினார்கள். முதல் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டாவதில் 35 முதல் 70. ஓலைகள் போட்ட குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்ட வேண்டும், ஏதும் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும் என்றெல்லாம் இரண்டாவது கல்வெட்டு விவரமாகச் சொல்கிறது. இன்று டெண்டர் பெட்டியைப் பலர் முன்னிலையில் திறப்பதும் அதே எண்ணத்தில்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விதி எழுதிய சபை, கல்லில் வெட்டியதையே இரண்டு ஆண்டில் மாற்றிக்கொண்டது. ஆனால் குடத்திலிருந்து எடுத்த ஓலையில் இருக்கும் பெயரை யாரும் மாற்ற முடியாது. டெண்டர் போடுகிறவரின் நிலை அந்த ஓலையின் நிலைதான்.

இதற்கு நம் காலத்துச் சான்று மேற்கு வங்கத்தில் இருக்கிறது. புருலியா மாவட்டத்து அயோத்தியா மலையில் 900 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் ஒன்று உண்டு. ஜப்பானியக் கடனுதவியில் அமைந்தது. அதன் கட்டுமானப் பணிக்கு மாநில மின்வாரியம் சர்வதேச அளவில் டெண்டர் கேட்டது. பட்டேல் இன்ஜினியரிங் நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் சேர்ந்து போட்ட டெண்டரில், அலகு விலைக்கும் மொத்தத் தொகைக்கும் பல இடங்களில் பொருத்தம் இல்லை. டெண்டர் நிபந்தனை தெளிவாக இருந்தது: அலகு விலையை அளவால் பெருக்கினால் வரும் தொகையும் எழுதியிருக்கும் தொகையும் வேறுபட்டால், அலகு விலையே செல்லும். அந்தக் கணக்கு அவர்களுக்குப் பாதகமாக முடிந்தது.

கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்ப நேர்ந்த தட்டச்சுக் கோளாறு இது, திருத்திக்கொள்ள அனுமதியுங்கள் என்று கேட்டார்கள். கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் அவர்களுக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. ஆனால் 2001 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. தவறு என்றாலே தெரியாமல் நேர்வதுதான், வேண்டுமென்று செய்தால் அதற்குப் பெயர் தவறல்ல. ஆகவே தெரியாமல் நடந்தது என்பது மட்டும் காரணமாகாது என்றார்கள் நீதிபதிகள். திருத்த அனுமதித்தால் அரசுக்குப் பணம் மிச்சம் என்ற வாதமும் எடுபடவில்லை. விதியை எல்லோருக்கும் ஒன்றுபோல் கடைப்பிடிப்பதே பொதுநலன் என்பது தீர்ப்பின் சாரம். இத்தனை பெரிய நிறுவனங்களின் உழைப்பு, ஒருவர் உட்கார்ந்து பெருக்கிச் சரிபார்க்காததால் வீணானது.

சரி, எல்லாப் பிழையும் ஆளைக் கவிழ்த்துவிடுமா? இல்லை. 1991-இல் இன்னொரு தீர்ப்பு. வாராணசி டீசல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் டெண்டரில், முன்வைப்புத் தொகையை ரொக்கமாகவோ ஸ்டேட் வங்கி டிராஃப்டாகவோ கட்டச் சொல்லியிருந்தார்கள். போதார் ஸ்டீல் என்ற நிறுவனம் யூனியன் வங்கியின் காசோலையை வைத்தது. பணம் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதுதானே நோக்கம், இது அடிப்படை நிபந்தனை இல்லை என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தத் தயவு கிடைக்க டெல்லி வரை போக வேண்டியிருந்தது. நம்மில் எத்தனை பேருக்கு அது கட்டுப்படியாகும்?

டெண்டர் கேட்கும் அலுவலகத்தில் வேலை செய்யும் மாணவர்களுக்கும் ஒரு கதை வைத்திருக்கிறேன். 1977 ஜனவரியில் பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்த விளம்பரம் வந்தது. ஐந்து ஆண்டு அனுபவமுள்ள 'பதிவு பெற்ற இரண்டாம் வகுப்பு ஹோட்டல்காரர்கள்' விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருந்தார்கள். பம்பாய் மாநகராட்சி வகுப்புப் பிரித்தது ஹோட்டல்களை, ஹோட்டல்காரர்களை அல்ல! அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதே வழக்கில் ஒரு கேள்வியாகி உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசு அமைப்பு தான் எழுதிய தகுதியைத் தானே மீறக் கூடாது என்ற பெயர்பெற்ற 1979-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இந்த வழக்கில்தான் வந்தது. விளம்பரத்தை அச்சுக்கு அனுப்புமுன் ஒருவர் நிதானமாகப் படித்திருந்தால், அந்தச் சொல்லைப் பற்றிய வாதமாவது மிஞ்சியிருக்காது.

அந்தக் காலத்துப் பத்திரப் பதிவு நகல்களைப் பாருங்கள். எழுதியவர், படித்தவர், ஒப்பிட்டவர் என்று தனித்தனிக் கையெழுத்து இருக்கும். எழுதிய கண் தன் பிழையைப் பார்க்காது என்பது அவர்களுக்குத் தெரியும். மனதில் இருப்பதையே தாளிலும் படித்துவிட்டுப் போய்விடும்.

அதனால் சொல்கிறேன். விலைப் பட்டியலைத் தயாரித்தவர் வாய்விட்டுப் படிக்கட்டும். வேறொருவர் நிபந்தனைத் தாளைக் கையில் வைத்து ஒப்பிடட்டும். வீட்டில் படித்த மகளோ மருமகனோ இருந்தால் போதும். எண்ணால் எழுதியதும் எழுத்தால் எழுதியதும் ஒன்றா? விலை ஒன்றுக்கா, டஜனுக்கா, நூற்றுக்கா? ஃபியூஸ் கேரியர் போன்ற சிறு சாமானில் இந்த ஒரு சொல் மாறினால் தொழிலே போய்விடும். ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா? போன வருடத்து ஃபைலை எடுத்துத் திருத்தியிருந்தால், பழைய அலுவலகத்தின் பெயரோ பழைய தேதியோ எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா? டெண்டருக்குப் பிறகு வந்த திருத்த அறிவிப்பைப் பார்த்தீர்களா? ஒவ்வொரு பெருக்கலையும் கூட்டலையும் மறுபடி போடுங்கள்.

கடைசி நாள் இரவில் இதைச் செய்யாதீர்கள். இரண்டு நாள் முன்னதாக முடித்து, ஒரு இரவு தூங்கி எழுந்து, காலையில் புதுக்கண்ணோடு படியுங்கள். டெண்டர் எடுப்பதும் விடுவதும் விலையைப் பொறுத்தது, அது நம் கையில் முழுதாக இல்லை. எழுத்துப் பிழையால் அதை இழக்காமல் இருப்பது முழுக்க நம் கையில்தான் இருக்கிறது.

டெண்டர் போடும் நண்பர்களுக்கு இதை அனுப்பி வையுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.