சாஞ்சியில் ஒரு சிறு சொல்

பழம்பெருஞ் சின்னம் ஒன்றைக் காணும்போது, "இதைக் கட்டியவர் யார்?" என்று கேட்கிறோம். ஓர் அரசர் பெயர் விடையாகக் கிடைத்ததும் அமைதி கொள்கிறோம். மாணவ நண்பர்களே, அந்த ஒரு விடை போதாது என்பதை எனக்கு உணர்த்திய இடம் சாஞ்சி.

போபால் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 46 கிலோமீட்டர் தொலைவில், ஒரு குன்றின்மீது விளங்குகிறது சாஞ்சிப் பெருந்தூபி. நடு இந்தியாவில் பிரயாணம் செய்தபோது அக்குன்றின்மீது ஏறினேன். கவிழ்த்த கிண்ணம் போன்ற அத்தூபியின் உயரம் சுமார் 54 அடி. விட்டம் 120 அடி. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகர் செங்கல்லால் எழுப்பிய தூபியைப் பின்வந்தோர் கல்லால் போர்த்துப் பெரிதாக்கினர். சுற்றிலும் கல்வேலியும், பின்னர் நான்கு தோரண வாயில்களும் அமைத்தனர். தோரணச் சிற்பங்களில் புத்தர்பிரான் மனித உருவில் காட்சி தருவதில்லை. போதிமரமும் அறவாழியும் அடிச்சுவடுமே அவரைக் குறிக்கின்றன.

ஆயினும், என்னை நெடுநேரம் நிற்கச் செய்தவை கல்லில் வெட்டப்பட்ட சிறு சிறு வாசகங்களே. இந்தத் தூண் ஒரு வணிகர் அளித்தது. இந்தக் குறுக்குக்கல் ஒரு பிக்குணி அளித்தது என்று அவை கூறுகின்றன. நெசவாளரும் இல்லறப் பெண்டிரும் கொடையாளராக உள்ளனர். இத்தகைய கொடைக் கல்வெட்டுகள் சாஞ்சியில் 600-க்கும் மேற்பட்டவை. தெற்கு வாயிலின் தூணொன்றில், விதிசை நகரத்துத் தந்தச் சிற்பிகள் செதுக்கினர் என்ற குறிப்பு உண்டு. அதே வாயிலில் சாதகர்ணி மன்னரின் பெயரும் வருகிறது. ஆனால் அது, அவருடைய சிற்பிகளின் தலைவரான ஆனந்தர் அளித்த கொடையைக் கூறுமிடத்தில் வருவதாகும்!

இவ்வெழுத்துக்களைப் படிக்கும் முறை பல நூற்றாண்டுகளாக மறந்துபோயிருந்தது. கல்கத்தா நாணயசாலையில் பணிபுரிந்த ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சியிலிருந்து பெயர்த்தெழுதி வந்த படிகளை 1837-இல் ஆராய்ந்தார். பல வாசகங்கள் ஒரே இரண்டு எழுத்துக்களில் முடிவதைக் கண்டார். வழிபாட்டிடத்துக்குப் பொருள் அளிப்போர் தம் பெயரைப் பொறிப்பது இந்நாட்டு வழக்கமல்லவா? எனவே அச்சொல் 'தானம்' என்று இருக்கலாம் என ஊகித்தார். ஊகம் பலித்தது, பிராமி எழுத்தின் பூட்டுத் திறந்தது. நாடெங்கும் பாறைகளிலும் தூண்களிலும் 'பியதசி' என்னும் மன்னர் பேசுவது விளங்கிற்று. அவர் அசோகரே என்பதை, இலங்கையில் பாலி நூல்களை ஆராய்ந்த ஜார்ஜ் டர்னர் அவ்வாண்டிலேயே எடுத்துக் காட்டினார். எளிய மக்களின் கொடைச் சொல்லே ஒரு பேரரசரை நமக்கு மீட்டுத் தந்தது.

இக்கற்கள் அழிவின் விளிம்புவரை சென்றவை. 1822-இல் தூபியின் ஒரு பக்கத்தைப் பிளந்து தோண்டியதால், மேற்கு வாயிலும் கல்வேலியின் ஒரு பகுதியும் சரிந்தன. 1881-இல் செப்பனிடும் பணி தொடங்கியது. பிறகு 1912 முதல் 1919 வரை ஜான் மார்ஷல் அனைத்தையும் சீர்படுத்தினார்.

பழஞ்சின்னங்களின் சுவர்களில் தம் பெயரைக் கீறிச் செல்வோர் இன்றும் உளர். சாஞ்சியில் பெயர் பொறித்தோர் முதலில் ஒரு கல்லைக் கொடுத்தனர். பிறகே பெயர் பொறித்தனர். அடுத்த முறை ஒரு கல்வெட்டைக் காணும்போது, அதன்மேல் சாய்ந்து நிற்காமல், அருகிற் சென்று பாருங்கள். வரலாற்றின் திறவுகோல் அதிலும் இருக்கலாம்.