ஒரு துண்டு சீஸும் ஒரு கணவரின் கடிதமும்



மனச்சோர்வுக்குக் குளிசை குடிப்பவர்கள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். பிரஷர் குளிசையை மேசையில் வைக்கிறோம். இதை மட்டும் அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் ஒளித்து வைக்கிறோம். பல் பிடுங்கப் போனாலும் டொக்டரிடம் சொல்வதில்லை; பாமசியில் வலிக்குக் குளிசை வாங்கும்போதும் சொல்வதில்லை. இப்படிச் சொல்லாமல் விடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

1952ஆம் ஆண்டு. நியூயோர்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் உள்ள சீ வியூ வைத்தியசாலை. அங்கே காசநோயாளர்களுக்கு இப்ரோனியசிட் என்ற புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். துவண்டு கிடந்தவர்களுக்குப் பசி வந்தது, உற்சாகம் வந்தது. வார்ட்டிலேயே அவர்கள் ஆடிப்பாடும் படங்கள் வெளியாகின. மருந்து நுரையீரலுக்கு மட்டுமல்ல, மனதுக்கும் ஏதோ செய்கிறது என்று வைத்தியர்களுக்கு விளங்கியது. 1957இல் நேதன் க்ளைன் என்ற அமெரிக்க மனநல வைத்தியர், இது மனச்சோர்வுக்கு உதவுகிறது என்று அறிவித்தார். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்பவர் இமிப்ரமின் என்ற இன்னொரு மருந்தைப் பற்றி எழுதினார். மனச்சோர்வு மருந்துகளின் காலம் அப்படித்தான் தொடங்கியது.

சந்தோஷம் நீடிக்கவில்லை. இப்ரோனியசிட் ஈரலைப் பாதித்ததால் அமெரிக்காவில் 1961இல் நிறுத்தப்பட்டது. அதே வகையைச் சேர்ந்த டிரானில்சிப்ரமின் குடித்த சிலருக்குத் திடீரென்று தாங்க முடியாத தலையிடி வந்தது, பிரஷர் ஏறியது. சிலருக்கு மூளையில் இரத்தக்கசிவே ஏற்பட்டது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் பணியாற்றிய பாரி பிளாக்வெல் என்ற இளம் வைத்தியர் இதைப் பற்றி ஒரு மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். அதை வாசித்த நொட்டிங்ஹாம் மருந்தாளர் ஒருவர் அவருக்குக் கடிதம் போட்டார். தன் மனைவி இந்தக் குளிசை குடிக்கிறார், சீஸ் சாப்பிட்டால்தான் அவருக்கு இந்தத் தலையிடி வருகிறது, இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா என்று கேட்டிருந்தார். முதலில் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு பிளாக்வெல் நோயாளர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று தேடத் தேட, சீஸே திரும்பத் திரும்ப வந்தது. 1963இல் அவர் அதை வெளியிட்டார்.

காரணம் இதுதான். நாள்பட்ட சீஸில் டைரமின் என்ற பொருள் இருக்கிறது. நம் உடலில் உள்ள ஒரு நொதியம் அதைச் சிதைத்துவிடும். அந்த மருந்துகள் அதே நொதியத்தைத் தடுப்பதால் டைரமின் சிதையாமல் இரத்தத்தில் கலந்து, பிரஷரைச் சட்டென்று ஏற்றிவிடும்.

ஒரு கணவர் வீட்டில் கண்டதை வெட்கப்படாமல் எழுதியதால் எத்தனை பேர் தப்பினார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்று அதிகமாகக் கொடுக்கப்படும் ஃபுளுவொக்சட்டின், செர்ட்ரலின் போன்றவை வேறு வகை. அவற்றுக்குச் சீஸ் தடை இல்லை. ஆனால் சொல்ல வேண்டிய விஷயங்கள் இன்னும் இருக்கின்றன. இவற்றோடு ட்ரமடோல் என்ற வலி மருந்து சேர்ந்தால் ஆபத்து வரலாம். இபுபுரோபன், அஸ்பிரின் சேர்ந்தால் இரத்தக்கசிவுக்கு வாய்ப்புக் கூடும். ஆகவே வேறு எந்த மருந்து வாங்கினாலும் இதைச் சொல்லுங்கள். நோன்பு காலத்தில் எந்த நேரம் குடிப்பது என்பதையும் முன்கூட்டியே டொக்டரிடம் கேளுங்கள்.

குணம் தெரிய சில வாரங்கள் எடுக்கும். சுகம் வந்ததும் நாமாக நிறுத்தினால் தலைசுற்றும், தூக்கம் கெடும், நோயும் திரும்பலாம். டொக்டர் சொல்லும் விதத்தில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்கா 2004இல் எச்சரிக்கை போட வைத்தது. அதற்காக மருந்தை ஒளிக்க வேண்டியதில்லை. பிள்ளையின் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். மாற்றம் தெரிந்தால் உடனே டொக்டரிடம் போக வேண்டும். பேச ஆளில்லை என்றால் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு அழைக்கலாம்.

அந்தக் குளிசைப் பெட்டியை இன்றைக்கு உடுப்புக்கு அடியில் இருந்து எடுத்து மேசையில் வைப்போம். அல்லாஹ் நம் எல்லோருக்கும் பூரண சுகத்தைத் தருவானாக.