காயம் ஆற ஒன்பது நாள் கூடுதல்



"கவலைப்பட்டே கிழவியாகிவிட்டாள்" என்று நம் ஊரில் சொல்வார்கள். மனப்பாரம் மேனியில் தெரியும் என்ற நம்பிக்கை பல நாடுகளிலும் உண்டு. பிரெஞ்சு அரசி மேரி அந்துவானெத் 1791இல் குடும்பத்தோடு தப்பியோட முயன்று பிடிபட்டார். அதன்பின் அவர் தலைமுடி ஒரே இரவில் நரைத்துவிட்டது என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. தலைக்கு வெளியே வளர்ந்துவிட்ட முடி உயிரற்றது. அது ஒரே இரவில் தானாக நிறம் மாறாது. ஆனாலும் அந்தக் கதை எழுப்பும் கேள்வி நல்ல கேள்வி. துயரம் உண்மையிலேயே உடம்பை மூப்படையச் செய்யுமா? அதற்கு விடை தேடிய வரலாற்றை இன்று சொல்கிறேன்.

1936இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹான்ஸ் செலியே 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கடிதம் வெளியிட்டார். எலிகளைக் குளிரில் வைத்தாலும், அளவுமீறி ஓடவைத்தாலும், நஞ்சு கொடுத்தாலும் உள்ளே நடந்தது ஒன்றுதான். அட்ரினல் சுரப்பிகள் வீங்கின. நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுருங்கியது. இரைப்பையில் புண் வந்தது. பின்னாளில் இந்த நிலையைக் குறிக்க 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லைப் பரப்பியவரும் அவரே.

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அந்த அட்ரினல் சுரப்பிகள்தான் கார்டிசாலைச் சுரக்கின்றன. ஆபத்து நேரத்தில் அது நமக்குத் துணை. நாள்கணக்கில், மாதக்கணக்கில் மிகுந்தே இருந்தால் நோய் எதிர்ப்பு அணுக்களின் வேலையைத் தடுக்கும்; தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் உருவாவதையும் குறைக்கும்.

இதை மனிதர்களிடம் அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர், அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர். மறதிநோய் கண்ட உறவினரை வீட்டில் வைத்துப் பராமரித்துவந்த 13 பெண்களையும், அதே வயதில் அந்தச் சுமை இல்லாத 13 பெண்களையும் அவர் குழு தேர்ந்தெடுத்தது. எல்லோருக்கும் தோலில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரே மாதிரிச் சிறு காயம் ஏற்படுத்தி, ஆறும்வரை கவனித்தார்கள். மற்றவர்களுக்குச் சராசரியாக 39.3 நாளில் ஆறியது. பராமரிப்பவர்களுக்கு 48.7 நாள் ஆனது. 1995இல் 'லான்செட்' இதழில் இது வெளிவந்தது.

"அவர்கள் வயதானவர்கள், அதனால்தான்" என்று சிலர் நினைக்கலாம். 1998இல் வெளிவந்த அடுத்த ஆய்வில் இருந்தவர்கள் இளைஞர்கள்: பல் மருத்துவம் படிக்கும் 11 மாணவர்கள். கோடை விடுமுறையில் ஒரு முறையும், தேர்வுக்கு மூன்று நாள் முன்பு ஒரு முறையும் அவர்களின் மேல் அண்ணத்தில் சிறு காயம் ஏற்படுத்தினார்கள். தேர்வு நேரக் காயம் ஆறச் சராசரியாக 3 நாள் கூடுதலாயிற்று. ஒருவருக்குக்கூட விடுமுறையில் ஆறிய வேகத்தில் ஆறவில்லை. தேர்வு மாதத்தில் வாய்ப்புண்ணும் முகப்பருவுமாக வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களே, உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்!

முடியின் கதைக்கும் 2020இல் ஒரு விளக்கம் கிடைத்தது. ஹார்வர்டில் யா-சியே சூ என்ற பெண் விஞ்ஞானியின் குழு எலிகளை ஆராய்ந்தது. கடும் நெருக்கடியில் நரம்புகள் வெளியிடும் நார்அட்ரினலின், முடிக்கு நிறம் தரும் மூல அணுக்களைத் தீர்த்துவிடுகிறது. அதன்பின் முளைக்கும் முடி நரைத்தே வருகிறது.

தோல் சுருங்குவதற்கு வெயில், புகைப்பழக்கம், பரம்பரை என வேறு பெரிய காரணங்களும் உண்டு. எல்லாப் பழியையும் கவலைமேல் போடக் கூடாது. ஆனால் அந்த 13 பெண்களை மறந்துவிடாதீர்கள். படுக்கையில் கிடக்கும் மாமியாரையோ, தந்தையையோ தனியாகப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் நம் குடும்பங்களிலும் இருப்பார். பெரும்பாலும் பெண்ணாகத்தான் இருப்பார். விசேஷ வீட்டில் அவரைப் பார்த்ததும் "என்ன, இப்படி வயசாகிப்போச்சு?" என்று கேட்கிறோம். இனி அந்தக் கேள்வி வேண்டாம். "ரெண்டு நாள் நான் வந்து பார்த்துக்கிறேன், நீ போய்த் தூங்கு" என்று சொல்லுங்கள். சொன்னபடி போய் நில்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்